பெயரிழந்த பாடல்கள்: கிண்ணியாவின் ஒலிநாடாக்களும் எம்பி3 கோப்புகளும்

பரிபாடலைப் பயில்வோர் பெரும்பாலான பாட்டுக்களின் இறுதியில் ஒரு சிறு குறிப்பைக் காண்பர். பாட்டை இயற்றிய புலவர் இன்னார், அதற்கு இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்று அக்குறிப்புக் கூறும். பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலிய இசை வகுத்தோரின் பெயர்கள் இன்றளவும் அறியப்படுவது அந்த ஒரு வரியினாலேயே ஆகும். பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்களின் பெயர்களும் தெரிகின்றன. ஆயினும் 70 பாடல்களுள் முழுமையாகக் கிடைப்பன 22 மட்டுமே. அவற்றின் இசையோ அறவே மறைந்துபோயிற்று. ஏடெழுதியோர் பெயர்களைக் காத்தனர். ஒலியைக் காப்பதற்கு அவர்களிடம் கருவி இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்த பத்தாண்டுகளிலும் தமிழ் பேசும் ஊர்கள் பலவற்றில் இதன் மறுதலை நிகழ்ந்தது. ஒலி எஞ்சியது, பெயர் போயிற்று. ஒலிநாடாவில் இருந்த பாடல்கள் இறுவட்டுக்கும், இறுவட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு கருவிக்கும் இடம்பெயர்ந்தபோது, பாடியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்னும் செய்திகள் வழியில் உதிர்ந்தன. இந்நிகழ்ச்சி உலகப் பொதுவானதே. எனினும் வாய்மொழி மரபு வலுவாக இருந்து, எழுத்துப் பதிவு குறைவாக இருந்த ஊர்களிலேயே அதன் விளைவு கடுமையானது. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா அத்தகையதோர் ஊராகும்.

கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே அமைந்த கிண்ணியா, திருகோணமலை நகரத்திலிருந்து நீரினாற் பிரிக்கப்பட்டிருந்தது. 396 மீற்றர் நீளமான பாலம் சவூதி அரேபிய உதவியுடன் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, நகருக்குச் செல்வோர் இயந்திரப் படகினால் இழுக்கப்பட்ட ‘பாதை’யிலேயே கடந்து சென்றனர். மக்களுட் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஆலங்கேணி போன்ற தமிழ்க் கிராமங்களும் அயலில் உள்ளன. வேளாண்மையும் மீன்பிடியும் முதன்மைத் தொழில்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வழங்கிய கவி, தாலாட்டு, கோலோடு கோல் தட்டி ஆடும் களிகம்பு, தாயிராக் கொட்டிப் பக்கீர்மார் ஓதும் பைத்து, வீடுகளில் ஓதப்படும் மவ்லிது ஆகியவற்றையெல்லாம் ஒரே பெயராற் சுட்டுவது கடினம். நோன்பு மாதத்தின் ஸஹர் வேளையில் ஊரை எழுப்பிய பைத்தொலியைச் சங்கீதம் என்று வகைப்படுத்தினால், அதனை ஓதியவர்களே அதனை ஏற்றுக்கொள்ளார்.

மட்டக்களப்புப் பகுதிக் கவிகளை வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் அச்சில் நிலைநிறுத்தியது. சொல் அச்சேறியது, குரல் ஏறவில்லை. கவியின் சிறப்போ பெரும்பகுதி அதன் இழுப்பிலும் நிறுத்தத்திலும் உள்ளது. ஏட்டிற் படிப்பவருக்கு அது நான்கு வரிச் செய்யுள். வயல்வெளியில் ஒருவர் பாட, அடுத்த வரம்பிலிருந்து மற்றொருவர் மறுமொழி பாடுங்கால் அது வேறு பொருள். ஒலிப்பதிவின் தேவை இங்கேதான் எழுகின்றது.

ஈழத்தில் நாட்டார் குரலைக் கருவியிற் பிடிக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்டது. சீ. ஜீ. செலிக்மன் தம் துணைவியாருடன் வேடர் வாழ்க்கையை ஆராய வந்தபோது, 1907-08 ஆம் ஆண்டுகளில், மெழுகு உருளைகளில் வேடர் பாடல்களைப் பதிந்து சென்றார். 1911 இல் வெளியான அவரது நூலில் அப்பாடல்களின் இசையைப் பற்றி சீ. எஸ். மையர்ஸ் எழுதிய ஓர் இயல் உண்டு. திருகோணமலைக்குத் தெற்கே தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடரைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. உருளைகள் தேய்ந்தன, ஆனால் உருளையோடு ஒரு புத்தகமும் சென்றமையால், அவை எவருடையவை, எங்கே பதியப்பட்டவை என்னும் அறிவு முற்றாக அழியவில்லை. அவ்வுருளைகள் இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தைச் சேர்ந்து, பின்னர் இலக்கமுறை வடிவமும் பெற்றன.

வணிக இசைத்தட்டின் வரலாற்றில் இதைக்காட்டிலும் சுவையான ஒரு செய்தி உண்டு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கோஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அக்காலத்தில் இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலை இல்லை. பதிவுகள் ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள தொழிலாளருக்கு இந்திய மொழி எதுவும் தெரியாதாகையால், எந்தத் தட்டில் எந்தப் பெயர்த்தாளை ஒட்டுவது என்று அவர்கள் அறியும்பொருட்டு, பாடகி பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஏனைய பாடகர் பலரும் அவ்வாறே செய்தனர். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று, தொழிற்சாலைத் தேவை. ஆயினும் பெயர்த்தாள் கிழிந்துபோன தட்டும் இன்றுவரை தன் பாடகியின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கின்றது. ஒலிக்குள்ளேயே பெயரை வைக்கும் இம்முறை, தமிழ்ப் பாட்டு மரபிற் புதியதுமன்று. கீர்த்தனைகளின் இறுதிச் சரணத்தில் முத்திரை வருவதையும், குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களில் அவர் ஊர்ப்பெயர் பயின்று வருவதையும் நினைவுகூரலாம்.

1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலி, பின்னாளில் இலங்கை வானொலியாகி, 1967 இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ் அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என அனைத்தையும் சொல்லும் வழக்கத்தை ஒரு பண்பாடாகவே வளர்த்தனர். பாடலாசிரியர் பெயரைப் பாமரரும் அறிந்திருந்த ஒரு தலைமுறை அவ்வறிவிப்புக்களினாலேயே உருவாயிற்று எனலாம். முஸ்லிம் நிகழ்ச்சியில் ஒலித்த இஸ்லாமிய கீதங்களுக்கும் அது பொருந்தும். வானொலியிலிருந்து நேரே நாடாவிற் பதிந்துகொண்டவர்களின் சேகரிப்பில், அறிவிப்பாளரின் குரலும் பாட்டோடு தங்கிவிட்டது. அதனை இடையூறென்று கருதியோர் அன்று பலர்.

ஒலிநாடாப் பெட்டியை, அதாவது கசெட்டை, பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. இலங்கையின் சிற்றூர்களில் அது பரவலானது 1977 இன் பின்னராகும். அவ்வாண்டின் பொருளாதாரத் திறப்பு இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் வழியும் திறந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலிருந்து சென்றவர்கள் திரும்பி வருகையில் வானொலியும் கசெட் கருவியும் ஒன்றாயமைந்த பெட்டிகளைக் கொண்டுவந்தனர். நாடாவிற் பேசிக் கடிதமாக அனுப்பும் வழக்கமும் உடன் வந்தது. எழுதத் தெரியாத உம்மா ஒருவர் தம் மகனுக்கு நேரே பேச முடிந்தது. பேச்சின் நடுவே பேரப்பிள்ளையின் தாலாட்டும் அயலாரின் ஸலாமும் சேவல் கூவுவதும் பதிந்தன. நாட்டாரியல் ஆய்வாளன் எவனும் திட்டமிட்டுச் சேகரிக்க முடியாத குரல்கள் அவை. அவற்றிற் பெரும்பாலானவை மறுகடிதம் பேசுவதற்காக அழிக்கப்பட்டன. ஒரு நாடாவின் விலை சிறிதன்று. ஒன்றை அழித்தே மற்றொன்று பதியப்பட்டது.

நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ என்னும் கடைகள் தோன்றின. வாடிக்கையாளர் விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், ஒரு பக்கம் 30 நிமிடமோ 45 நிமிடமோ கொண்ட நாடாவில் அவை பதிந்து தரப்பட்டன. அந்தத் தாளே பெரும்பாலும் நாடாவின் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்களும் திரைப்பாடல்களும் ஒரே நாடாவின் இரு பக்கங்களாக அமைந்ததுண்டு. அச்சிட்ட உறையாயினும் கையெழுத்துத் தாளாயினும், கசெட்டுக்கு ஒரு முகவரி இருந்தது என்பதே இங்கு கவனத்துக்குரியது. வீட்டிற் பதிந்த நாடாவுக்கும் குமிழ்முனைப் பேனாவால் எழுதிய ஒரு வரி இருந்தது: கலியாண வீடு, ஆண்டு, பாடியவர்.

இந்நிலையில் வந்ததே எம்பி3. அதன் தோற்றத்தைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். இறுவட்டில் ஒலியானது விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுகின்றது. இரு வழிகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,411,200 பிட்டுகள். அக்காலத் தொலைபேசிக் கம்பிகளோ கணினி வட்டுக்களோ இத்துணைச் சுமையைத் தாங்கவல்லன அல்ல. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில், பல்கலைக்கழகத்திலும் பிரௌன்கோபர் நிறுவகத்திலும், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியை ஆராய்ந்தனர். மனிதச் செவி எல்லாவற்றையும் கேட்பதில்லை. வலிய ஒலியின் அருகே உள்ள மெலிய ஒலி மறைந்துவிடும். கச்சான் காற்று வீசும் நாளில் தோணியின் மறுமுனையில் இருப்பவர் பேசுவது கேளாமற்போவது போல. செவி கேளாததை எழுதாது விட்டால் சுமை குறையும். விநாடிக்கு 128,000 பிட்டுகளாகச் சுருக்கினால், மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். 5 நிமிடப் பாட்டொன்று 53 மெகாபைட்டிலிருந்து 5 மெகாபைட்டுக்கும் குறைவாகிவிடும். இம்முறை 1993 இல் சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டது. எம்பி3 என்னும் கோப்புப் பெயரொட்டு 1995 ஜூலையில் தெரிவு செய்யப்பட்டது. 1998 இல் கொரிய நிறுவனமொன்று வெளியிட்ட எம்பிமேன் கருவியின் நினைவகம் 32 மெகாபைட்டு, அதாவது அரை மணிநேரப் பாட்டு. 2001 இல் அப்பிளின் ஐபொட் ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் வைத்தது.

கிண்ணியா போன்ற ஊர்களை ஐபொட் அடைந்தது சிறிதளவே. அங்கு வந்தவை மலிவான சீனக் கருவிகளும், நினைவக அட்டை பொருந்திய கைத்தொலைபேசிகளும், 700 மெகாபைட்டு இறுவட்டில் 12 மணிநேரத்துக்கு மேற்பட்ட பாடல்களை அடைத்து விற்ற தொகுப்புக்களுமே. றெக்கோடிங் பார் இருந்த இடத்தைத் தொலைபேசிக் கடை பிடித்தது. அட்டையைக் கொடுத்தால் பாட்டு ‘ஏற்றி’த் தருவார்கள். 90 நிமிட நாடாவை மாற்ற 90 நிமிடம் வேண்டும். ஆயிரம் கோப்புக்களை ஏற்றச் சில நிமிடங்கள் போதும். ஆகவே ஏற்கெனவே எங்கோ மாற்றப்பட்டிருந்த பாடல்களே மீண்டும் மீண்டும் பெருகின. எவரும் மாற்றாத வீட்டு நாடாக்கள் அலுமாரியின் அடித்தட்டுக்குச் சென்றன.

சுருக்கத்தினால் இசை கெட்டுவிட்டதென்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எம்பி3 முறை ஒலியை 576 அளவுகள் கொண்ட துண்டுகளாக எடுத்து ஆராய்கின்றது. சடுதியாக எழும் ஓசை ஒரு துண்டின் நடுவே வந்தால், சுருக்கத்தாற் பிறக்கும் இரைச்சல் அதற்கு முன்னுள்ள மௌனத்திலும் பரவும். தட்டுமுன்னரே தட்டின் நிழல் கேட்கும். இதனைச் சோதிப்பதற்கு ஆய்வாளர் கையாண்ட புகழ்பெற்ற ஒலி, ஸ்பானிய நாட்டியத்தில் விரல்களிடையே தட்டப்படும் கஸ்தனெற் என்னும் மரத்தாளத்தினது. களிகம்புக் கோல்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையும், தாயிராவில் விழும் விரலடியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அத்தகைய இடங்களில் 192 அளவுகள் கொண்ட குறுந்துண்டுக்கு மாறும் ஏற்பாடு எம்பி3 முறையில் உண்டு. எனினும் கடைகளில் இடத்தை மிச்சம் பிடிக்க 64,000 பிட்டுக்கு இறக்கப்பட்ட கோப்புகளில் அவ்வேற்பாடும் பெரிதும் பயன்படாது. அத்தகைய கோப்பை மறுபடியும் 320,000 பிட்டுக்கு உயர்த்தி எழுதினால் தரம் கூடும் என்று நம்புவது பேதைமை. இழந்தது மீளாது, கோப்பின் பருமனே கூடும். ஆயினும் சுருக்கம் தின்ற ஒலியைக்காட்டிலும் பெரிய இழப்பொன்று உண்டு. அது பெயரைப் பற்றியது.

எம்பி3 தரத்தை வகுத்தோர் பாட்டின் பெயருக்கு அதில் இடமெதுவும் வைக்கவில்லை. 1996 இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட்டுகளை ஒட்டி அக்குறையை நிரப்பினார். ஐடி3 என்று வழங்கும் அவ்வொட்டில் பாட்டின் பெயருக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு ஒன்று. ஆங்கிலத்தில் 30 பைட்டு என்பது 30 எழுத்து. தமிழுக்கோ கணக்கு வேறு. ஒருங்குறியின் யூடிஎப்-8 வடிவத்தில் உயிர்மெய்யின் மெய்க்கு 3 பைட்டு, அதன் குறிக்கு 3 பைட்டு. ‘திருகோணமலை’ என்னும் சொல் ஒன்றே 30 பைட்டையும் நிரப்பிவிடும். ‘கிண்ணியா’ என்று எழுதினால் 24 பைட்டு. எஞ்சிய இடத்தில் இன்னும் இரண்டு குறிகளே அடங்கும். அவ்வாறு எழுதினாலும் அன்றைய கருவிகள் அதனை ஐரோப்பிய எழுத்தெனக் கொண்டு சிதைத்தே காட்டின. வகைப்பட்டியலில் 80 இனங்கள் இருந்தன. போல்கா நடனத்துக்கு 75 ஆம் எண். மற்றெல்லா மக்களின் இசையும் ‘இனத்துக்குரியது’ என்னும் 48 ஆம் எண்ணுக்குள் அடங்கவேண்டியதாயிற்று.

தமிழர் தம் பக்கத்துக் குறையும் இருந்தது. இலங்கையிற் கணினித் தட்டச்சு பாமினி முதலிய எழுத்துருக்களை நம்பி நின்றது. அவை உண்மையில் ஆங்கில எழுத்துக்களையும் நிறுத்தற் குறிகளையும் தமிழ் வடிவில் வரைந்து காட்டியவை. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் தமிழ்ப் பெயர் அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துக்களும் கலந்த குப்பையாகத் தோன்றும். ஆதலால் கடைக்காரர் ஆங்கில எழுத்திற் பெயரிட்டனர். ஹனிபா என்னும் ஒரு பெயர் நான்கைந்து எழுத்துக்கூட்டலில் வழங்கியது. கருவி அவற்றை நான்கைந்து பாடகராகக் கொண்டு வெவ்வேறிடங்களில் வரிசைப்படுத்திற்று. அதற்கும் பொறுமை இல்லாதபோது முதலாவது தடம், இரண்டாவது தடம் என எண் மட்டுமே இடப்பட்டது. ஐடி3 முறையின் இரண்டாம் பதிப்பு 1998 இல் இட எல்லையை அகற்றியது. 2000 இல் யூடிஎப்-8 உம் அதில் இடம்பெற்றது. அதற்குள் பாடல்கள் பெயரின்றிப் பரவிவிட்டன.

சங்க இலக்கியத்தில் இதற்கொரு முன்னிகழ்ச்சி உண்டு. பாடியவர் பெயர் தெரியாத பாட்டுக்களுக்கு, பாட்டிலுள்ள அழகிய தொடரையே புலவர் பெயராக்கினர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு அமைந்தவை. தொகுத்தோர் தம் அறியாமையை நாணமின்றி ஒப்புக்கொண்டு, அதற்கும் ஒரு முறை வகுத்தனர் என்பதே பாராட்டுக்குரியது. இன்றைய கோப்புக்களிலும் முதலடியே பெயராக நிற்பதைக் காணலாம். ஆனால் அது தெரியாதவரின் பாட்டா, தெரிந்தும் எழுதாது விட்டவரின் பாட்டா என்று பிரித்தறிய வழியில்லை.

முஸ்லிம் கல்வி மரபு இவ்விடயத்தில் இன்னும் கண்டிப்பானது. ஹதீஸ் ஒன்றுக்கு மத்ன் எனப்படும் வாசகமும், இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரும் உண்டு. இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்னும் சங்கிலி அறுந்திருந்தால், வாசகம் எத்துணை அழகாயினும் அதன் தகுதி தாழும். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே ஒரு கலை வளர்ந்தது. இந்த மரபிற் பயின்ற ஊரொன்றில் ஊரின் சொந்தக் குரல்கள் இஸ்னாத் இன்றி வழங்குவது விந்தையே. பைத்துக்கும் கவிக்கும் ஹதீஸின் தகுதியை எவரும் கோரவில்லை. கேட்டவர் யார், யாரிடம் கேட்டார் என்று வினவும் பழக்கத்தை மட்டும் அவற்றுக்கும் நீட்டலாம்.

காலமும் கொடிதாக அமைந்தது. கசெட் வழக்கொழிந்து எம்பி3 ஊன்றிக்கொண்டிருந்த இடைவெளியிலேதான், 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடற்கோள் கிண்ணியாவைத் தாக்கிற்று. மருத்துவமனையே அழிந்தது, உயிரிழந்தோர் பலர். அத்தகைய வேளையில் நாடாக்களைப் பற்றி எவர் எண்ணியிருப்பர்? காந்த நாடா கடல்நீரில் நனைந்தாலும் உடனே அழிவதில்லை. சேறும் உப்பும் காய்ந்து ஒட்டுமுன் நன்னீரிற் கழுவி, வெயிலிற் காட்டாது உலர்த்தினால் பதிவு பெரும்பாலும் மீளும். இவ்வறிவு ஊர்களில் இருந்திருப்பின் சில பெட்டிகளேனும் குப்பைக்குச் செல்லாது தப்பியிருக்கலாம். 2006 ஓகஸ்டில் மூதூரிற் போர் மூண்டு மக்கள் பெயர்ந்தபோதும், கையில் எடுத்துச் செல்லப்பட்டவை அடையாள அட்டையும் காணி உறுதியுமே.

எஞ்சிய நாடாக்களை மாற்றும் வேலை இன்னும் கைகூடாததன்று. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் பரிந்துரைப்பது, விநாடிக்கு 96,000 அளவு, 24 பிட்டு, சுருக்கமில்லாத வடிவம். அவ்வாறு பதிந்தால் 90 நிமிட நாடா ஏறத்தாழ 3 கிகாபைட்டு இடம் பிடிக்கும். ஆயிரம் நாடாக்கள் கைப்பிடியளவான வட்டொன்றில் அடங்கும். 2001 இல் வெளியான பிளாக் முறையினால் ஒலி சிறிதும் குன்றாமல் பருமனை மேலும் குறைக்கலாம். எம்பி3 அதிலிருந்து பிறக்கும் வழங்கற் பிரதியாகவே இருத்தல் வேண்டும். 128,000 பிட்டில் அதே நாடா 86 மெகாபைட்டு மட்டுமே, கைத்தொலைபேசிக்கு அது போதும். எம்பி3 இன் காப்புரிமைத் தொல்லையும் 2017 உடன் தீர்ந்தது. நாடாவை ஓட்டுமுன் கருவியின் தலையை அந்நாடாவின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பிச் சரிசெய்யாவிடின் உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். பின்னர் எந்தக் கணினி வித்தையும் அவற்றைத் தராது. இரைச்சலை நீக்கும் வேலையை மூலப் பதிவில் ஒருபோதும் செய்யலாகாது. இடையே வரும் பேச்சையும் இருமலையும் அறிவிப்பாளர் குரலையும் வெட்டுவதும் அவ்வாறே. அவற்றிலிருந்தே சில வேளை ஆண்டும் இடமும் தெரியவரும்.

கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, வகை, பாடியவர், நாடாவின் பக்கம் என்னும் ஒழுங்கை எல்லோரும் ஒரே விதமாகக் கையாளுதல் நன்று. கணினி தானே காட்டும் திகதியை நம்பலாகாது; அது படியெடுத்த நாளன்றிப் பாடிய நாளன்று. நாடாவின் உறையையும் உள்ளே மடித்து வைத்த தாளையும் படமெடுத்துச் சேர்த்தல் வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களை இலக்கமாக்கும் பணியை 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம், ஆவணகம் என்னும் பல்லூடகச் சேமிப்பையும் நடத்துகின்றது. அத்தகைய ஓரிடத்தில் ஒரு பிரதியும், ஊர்ப் பாடசாலையிலோ நூலகத்திலோ ஒரு பிரதியும், குடும்பத்தாரிடம் ஒரு பிரதியும் இருப்பது காப்பு. ஒரே இடத்தை நம்புவதன் ஆபத்தை 1981 இல் யாழ்ப்பாணம் கண்டது. பெருநிறுவனங்களும் விதிவிலக்கல்ல: 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் ஒலித்தொகுப்பு இணையத்தளமும் பொதுமக்களுக்குக் கிடையாமற்போயிற்று.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுதல் வேண்டும் என்பதும் ஏற்புடையதன்று. கலியாண வீட்டில் பெண்கள் தமக்குள்ளே பாடிய குரவைப் பாட்டு, பெண்களிடையே பாடப்பட்டது. அரபு நாட்டிலிருந்த கணவனுக்குப் பேசிய நாடா ஒருவருக்கு மட்டும் எழுதிய கடிதம். ஆராய்ச்சியின் பெயரால் அவற்றை ஊரறியச் செய்வது, பேசியவர் மறைந்த பின்னரும் முறையாகாது. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்டு அதனையும் பதிந்து வைத்தல் வேண்டும். இங்கு பெயர் கூறுவதா மறைப்பதா என்னும் வினாவும் எழும். மறைக்கவேண்டிய பெயராயினும் எங்கேனும் ஓரிடத்தில் எழுதியிருந்தாலன்றோ அதனை அறிந்து மறைக்க இயலும்?

1980 களில் பதியப்பட்ட குரல்களைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லவல்லவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது அவர்கள்முன் நாடாவை ஓட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். குறித்ததை ஐடி3 இல் எழுதுவதோடு, மாற்றுபவர் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தம் குரலில், பாடியவர் இன்னார், ஊர் இது, ஆண்டு இது, அடையாளங் கூறியவர் இன்னார் என்று சொல்லிப் பதிந்துவிடுதல் நன்று. ஒட்டு உதிரலாம், எழுத்துரு சிதையலாம், கோப்பின் பெயர் மாற்றப்படலாம். கோஹர் ஜான் 1902 இல் செய்தது போல ஒலிக்குள்ளே வைத்த பெயரைக் கேட்பதற்கு வேறு கருவி வேண்டியதில்லை. அதற்குச் செல்வது 10 விநாடி. 128,000 பிட்டு எம்பி3 இல் 160 கிலோபைட்டு.